வெயில் பளிச்னு இருக்கு... ஆனா உங்க ஃப்ளைட் ஏன் லேட்?

சென்னையில மழை இல்ல, புயல் இல்ல. ஆனா ஏர்போர்ட் போர்டுல உங்க ஃப்ளைட்டுக்கு நேரா 'தாமதம்'. ஏன்?

விமானமும் நம்ம டவுன் பஸ் மாதிரிதான் மக்களே. உளுந்தூர்பேட்டையில இருந்து திருநாவலூர் வர்ற பஸ் காலை ட்ரிப்ல அரை மணி நேரம் லேட்டானா, அடுத்த ட்ரிப்பும் லேட்தான். ஏன்னா, ஓடுறது அதே பஸ்! உள்நாட்டு விமானம் ஒண்ணு, ஒரே நாள்ல நாலஞ்சு ஊர் சுத்தும். இறங்கினதும் பயணிகளை இறக்கி, பெட்டிகளை மாத்தி, சுத்தம் பண்ணி, எரிபொருள் நிரப்பி மறுபடி கிளம்ப, பல நேரம் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. அதனால டெல்லியில காலையில விழுந்த பனிமூட்டம், சாயங்காலம் சென்னையில உங்களை உட்கார வைக்கும்.

சிக்கல் அதோட முடியல. டெல்லியில இருந்து வந்த விமானம் கோவைக்குப் போகும். அதுல வந்த பைலட் இன்னொரு விமானத்துல மதுரைக்குப் போவார். ஆக, ஒரு தாமதம் ரெண்டாகும். பைலட்டோட பணி நேர வரம்பு முடிஞ்சுட்டா, சட்டப்படி அவர் பறக்கவே கூடாது. மாற்று பைலட் இல்லைன்னா, தாமதம் ரத்தாகிடும்.

2025 டிசம்பர்ல இண்டிகோவுக்கு நடந்தது இதோட பெரிய வடிவம். பைலட்களுக்கான வார ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆச்சு. இரவுத் தரையிறக்கம் ஆறுல இருந்து ரெண்டாகக் குறைஞ்சது. புதிய விதிகளோட இரண்டாம் கட்டம் நவம்பர் 1-ல் அமலாச்சு. ஆனா குளிர்கால அட்டவணைக்குத் தேவையான அளவு பைலட்கள் கைவசம் இல்ல. டிசம்பர் 5 அன்னிக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து! உள்நாட்டுச் சந்தையில 60 சதவிகிதத்துக்கு மேல ஒரே நிறுவனத்துக்கிட்ட இருக்கிறதால, தவிச்ச பயணிகளை ஏத்திக்க மத்தவங்ககிட்ட போதுமான இடமும் இல்ல. கடைசியில அரசு விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தி, இண்டிகோ அட்டவணையில 10 சதவிகிதத்தைக் குறைக்கச் சொன்னது.

இதுல ஓய்வு விதியைக் குறை சொல்ல முடியாது. தூக்கம் கெட்ட பைலட் ஓட்டுற விமானத்துல ஏற நமக்கு மனசு வருமா? பிரச்னை, அட்டவணையில மூச்சுவிட இடம் இல்லாததுதான். சும்மா நிக்கிற விமானமும், காத்திருக்கிற பைலட்டும் நிறுவனத்துக்குச் செலவு. அந்தச் செலவை மிச்சம்பிடிச்சா, ஒரு சின்ன சறுக்கல்கூட நாடு முழுக்கப் பரவும்.

நீங்க என்ன பண்ணலாம்?

* அதிகாலை ஃப்ளைட்டை எடுங்க. விமானம் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நின்னிருக்கும்.
* உங்க விமானம் இப்போ எங்கே இருக்குன்னு ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஆப்ல பாருங்க.
* துபாய், சிங்கப்பூர்னு மாறிப் போறவங்க ரெண்டு பயணத்தையும் ஒரே பி.என்.ஆர்-ல போடுங்க. தனித்தனி டிக்கெட்னா, தவறவிட்ட ரெண்டாவது ஃப்ளைட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டாங்க.
* இரண்டரை மணி நேரத்துக்குள்ள முடியுற பயணம் ரெண்டு மணி நேரம் தாமதமானா, சாப்பாடு கேளுங்க. உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா, மாற்று விமானமோ முழு ரீஃபண்டோ கேளுங்க. டி.ஜி.சி.ஏ விதியிலேயே இருக்கு; கூச்சப்படாதீங்க!