பாறை இருக்கிறது, பயமில்லையாம்!

போன மாதம் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கீழே கார் நிறுத்தும் தளத்தில், தூண்களுக்கு நடுவே உள்ள செங்கல் சுவர்களை இடித்தால் இன்னும் மூன்று கார் நிறுத்தலாமாம். நான் எழுந்து, "கட்டட எஞ்சினியரைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள். நாளைக்கே ஒரு நிலநடுக்கம் வந்தால்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"சார், நம்ம ஏரியாவே பாறை மேல உட்கார்ந்திருக்கு. பரங்கிமலை, பல்லாவரம் மலை எல்லாம் நீங்க பார்க்காததா? இங்க என்ன பூகம்பம் வரப் போவுது?" என்றார் செயலாளர். கைதட்டல். தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, என்னுடையது.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன் நான். கூட்டத்தில் பேச வராதது எழுத வரும். இது என் எதிர்ப்புக் குறிப்பு.

பாறை இருப்பது உண்மைதான். பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. இவ்வளவு பழைய, இவ்வளவு கெட்டியான பாறை அதிர்வைத் தடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு. பாறை அதிர்வைத் தடுப்பதில்லை, கடத்துகிறது.

சிற்பி கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது உளியால் தட்டிப் பார்ப்பார். நல்ல கல் மணி போல ஒலிக்கும். ஈரக் களிமண்ணைத் தட்டினால் 'பொத்' என்று அடங்கிவிடும். பாறையும் ரப்பர் மாதிரி, மிகச் சிறிய அளவில், அமுங்கி மறுபடி பழைய நிலைக்கு வரும். அப்படி அமுங்கி அமுங்கி நகர்வதுதான் முதலில் வந்து சேரும் அலை. கெட்டிப் பாறையில் அது வினாடிக்கு சுமார் 6 கி.மீ. ஓடும். பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு பின்னால் வருவது இரண்டாவது அலை. இந்த அலைகளை நிலநடுக்கப் பதிவுகளில் முதலில் பிரித்துக் காட்டியவர் ஓல்டாம். நம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 அசாம் பூகம்பத்தை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் நினைவிருக்கிறதா? சுமத்ரா பக்கம் கடலடியில் 8.6 அளவில் பூமி நகர்ந்தது. ஏறத்தாழ 1,800 கி.மீ. தாண்டி, சென்னையில் மாடி அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த அதிர்வை இங்கே கொண்டுவந்து சேர்த்தது யார்? கெட்டிப் பாறைதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரியில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் கடகடவென்று ஆடின. அண்ணி, "பூனையா பாருங்க" என்றார். பூனை இல்லை. புதுவைக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம், சுமார் 5.5 அளவு. சென்னையிலும் உணர்ந்தார்கள். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் 'த்ராம்ப்ளமான் த தேர்', பூமியின் நடுக்கம், என்று மனப்பாடம் செய்தபோது, அது ஜப்பான்காரர்களின் பாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்று: கோவிலம்பாக்கம் முழுவதும் பாறையா? இந்தப் பக்கம் நன்மங்கலத்தில் பாறை தலை காட்டுகிறது. அந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு. நடுவில் கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி. ஏரிக்கும் சதுப்புக்கும் பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கிய மனை எத்தனை என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். அங்கே பாறை கீழே எங்கோ இருக்கிறது, வீடு இருப்பது களிமண் மேல்.

பாறையில் வினாடிக்கு 3 கி.மீ.க்கு மேல் ஓடிவரும் அந்த இரண்டாவது அலை, இளகிய களிமண்ணில் 200 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். வேகம் குறைந்தால் உயரம் கூடும். 2004 சுனாமி நடுக்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் போய், கரையில் எழும்பியதே, அதே கணக்கு.

1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் இதுதான் நடந்தது. நிலநடுக்கம் பிறந்த இடம் 350 கி.மீ.க்கு அப்பால். ஆனால் நகரின் நடுப்பகுதி தூர்ந்த ஏரி மேல் இருந்தது. அந்தக் களிமண் ஊஞ்சல் மாதிரி ஆட, அதே தாளத்தில் ஆடக்கூடிய உயரமுள்ள கட்டடங்கள் சரிந்து, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஊரில் பாறை மேல் இருந்த பகுதிகளில் சேதம் குறைவு. 2001 குடியரசு தினத்தன்று பூஜ் பூகம்பம். 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல், கார் நிறுத்த வெறும் தூண்கள் மேல் நின்றவை. மேலே கனம், கீழே பலவீனம். நம் தீர்மானம் செய்யச் சொல்வது இதைத்தான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சென்னை இமயமலை அடிவாரம் அல்ல. ஆனால் 2002-லேயே இந்தியத் தரநிர்ணயத்தில் சென்னையை நில அதிர்வு மண்டலம் 2-லிருந்து 3-க்கு ஏற்றிவிட்டார்கள். அந்த மண்டலத்தில் தூணுக்குக் கட்டும் ரிங் கம்பியின் முனையை 135 டிகிரி உள்நோக்கி வளைக்க வேண்டும், தூண் முனைகளில் ரிங்குகளை நெருக்கிக் கட்ட வேண்டும். கட்டுமான இடத்தில் வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் வெறும் 90 டிகிரி மடக்குதான். கேட்டால், "இப்படித்தான் சார் எல்லா சைட்லயும் கட்டுறோம்" என்பார் கம்பி கட்டுபவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீடு வாங்கும் நாமும் டைல்ஸ் நிறம் கேட்கிறோம், மண் பரிசோதனை அறிக்கை கேட்பதில்லை.

என் கோரிக்கை இரண்டுதான். ஒரு கட்டட எஞ்சினியரை வரவழைத்து, அவர் எழுத்தில் கொடுத்தபின் சுவரைப் பற்றிப் பேசுவோம். நம் மனையின் மண் பரிசோதனை அறிக்கையை பில்டரிடம் கேட்டு வாங்கி, சங்கக் கோப்பில் வைப்போம். செலவு, மூன்று காருக்கான இடத்தின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

சுவர் இன்னும் நிற்கிறது. இடிக்க ஆள் அடுத்த வாரம் வருகிறார்களாம். இந்தக் குறிப்பை அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை.