பட்டியலில் இல்லாத தொழில்நோய்: தூய்மைப் பணியாளர் உடலில் அணையாத அழற்சி

2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில், ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள்களாக அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பதே அவர்கள் கோரிக்கை. மறுநாள் கூடிய தமிழ்நாடு அமைச்சரவை அக்கோரிக்கைக்குப் பதில் சொல்லவில்லை. காலை உணவு, வீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவி என வேறு சிலவற்றை அறிவித்தது. அவற்றுள் ஒன்று உடல்நலம் பற்றியது. குப்பையைக் கையாள்வதால் வரும் நுரையீரல், தோல் நோய்களைத் தொழில்சார் நோய்களாக ஏற்று, அவற்றைக் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் தனித் திட்டம் கொண்டுவரப்படும் என்றது அரசு.

நுரையீரல் இருக்கிறது, தோல் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் நீரிழிவு இருந்ததில்லை. அது ‘வாழ்க்கைமுறை நோய்’ என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. இச்சொல்லில் நோயாளிமீதான ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: கண்டதைத் தின்றாய், நடக்கவில்லை, அதனால் வந்தது. விடியுமுன் துடைப்பத்துடன் தெருவில் இறங்கி நண்பகல்வரை நடந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் ‘நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று மருத்துவமனையில் சொல்லப்படும்போது அக்குற்றச்சாட்டின் அபத்தம் வெளிப்படுகிறது. எந்த வாழ்க்கை, யார் வகுத்த முறை என்ற கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும். அதற்கு நீரிழிவின் உள்ளே நடப்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இதுவே அழற்சி. வெள்ளையணுக்கள் வந்து கிருமியைக் கொன்று, சிதைந்ததை அகற்றி, பிறகு விலகிக்கொள்கின்றன. அழற்சி இல்லாவிட்டால் எந்தக் காயமும் ஆறாது. ஆனால் நீரிழிவு உள்ளவர் உடலில் இந்த நெருப்பு முழுதாக அணைவதில்லை. சிவப்போ வலியோ வெளியே தெரியாமல், ஆண்டுக்கணக்கில் அது குறைந்த தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். இதை நாள்பட்ட அழற்சி என்கிறார்கள். சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை இதை ஓரளவு காட்டும்.

சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்ற ஐயம் பழையது. 1876இலேயே ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டைன், ஆஸ்பிரினின் உறவான சாலிசிலேட் மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார். ஏன் என்று அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1993இல்தான் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர், பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவிலிருந்தே டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் சுரப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் நன்றாக வேலை செய்வதையும் காட்டினர். அழற்சி, செல்களுக்கு இன்சுலின் சொல்லும் செய்தியைக் கேட்கவிடாமல் செய்கிறது. சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை உடலின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு வெள்ளையணுக்களை மேலும் தூண்டுகிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. இரத்தக் குழாய்கள், சிறுநீரகம், விழித்திரை, நரம்பு என அடுத்தடுத்துச் சேதப்படுவதில் இச்சுழலுக்குப் பெரும் பங்குண்டு.

கொழுப்புத் திசு என்றதும் பருமனானவர்களின் கதை என்று கருதிவிடக் கூடாது. 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு படத்தில், புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும்போதே தசை குறைவாகவும், ஒப்பீட்டில் கொழுப்பு மிகுதியாகவும் பிறக்கின்றன என்பதை யாஜ்னிக்கின் புனே ஆய்வுகள் காட்டின. கருவிலிருக்கும் குழந்தை, தாயின் பசிக்கேற்பத் தன் உடலைச் சிக்கனமாகக் கட்டிக்கொள்கிறது. பிற்காலத்தில் அதே சிக்கனம் சர்க்கரைக்கு வழிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டு, அரை வயிற்றுக் கூலியில் பிள்ளை பெற்ற சேரிகளுக்கு இந்த ஆய்வு என்ன சொல்கிறது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒல்லியான உடம்புக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கையால் நோய் கண்டறியப்படுவது தாமதமாவதும் நம் தெருக்களில் காணும் காட்சிதான்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இவ்வெண்களை மாநிலவாரியாகப் படிப்பதே வழக்கம். அதே ஆய்வின் முந்தைய கட்டம் 2017இல் சொன்ன ஒன்று அதிகம் பேசப்படவில்லை. வருமானம் மிகுந்த மாநிலங்களின் நகர்ப்புறங்களில், வசதி படைத்தவர்களைவிட வசதியற்றவர்களிடமே நீரிழிவு கூடுதலாக இருந்தது. ஊரகங்களிலும் ஏழை மாநிலங்களிலும் இது இன்னும் வசதி படைத்தோரைக் கூடுதலாகத் தாக்கும் நோய்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செல்வம் சேர்ந்த நகரங்களில் சுமை கீழே இறங்கத் தொடங்கிவிட்டது.

அந்நகரங்களின் கழிவை அள்ளுபவர்கள் யார்? நகர்ப்புறக் கழிவுநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி தூய்மைப் பணியாளர்களில் ஒன்றிய அரசு 2024 வரை விவரம் திரட்டிய சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். இவ்வேலையில் அழற்சியை ஊட்டும் காரணிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. முதலாவது காற்று. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேரை ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஆண்டுச் சராசரியில் பி.எம். 2.5 நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது நீரிழிவு வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுவதாக 2023இல் தெரிவித்தது. வாகனப் புகைக்கு நடுவே பெருக்குபவரும் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் புகைக்குள் வாழ்பவரும் அக்காற்றைச் சுவாசிக்கும் அளவு, குளிரூட்டிய அறையில் இருப்பவர் சுவாசிக்கும் அளவா? அடுத்தது இரவுப் பணி. கலைந்த தூக்கம் இன்சுலினின் வேலையைக் குலைக்கிறது. கழிப்பறை இல்லாத பணியிடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது கதவு திறக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது காலில் படும் காயம். நீரிழிவால் நரம்பு மரத்துப்போன காலில் கண்ணாடிச் சில்லோ ஊசியோ குத்தினால் வலிக்காது. வலிக்காத காயத்தை யாரும் பார்ப்பதில்லை. அதன்மேல் கழிவுநீர் படுகிறது. காயம் ஆறுவதற்கு வெள்ளையணுக்கள் ஒரு கட்டத்தில் தாக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சீரமைக்கும் வேலைக்கு மாற வேண்டும்; நாள்பட்ட அழற்சி உள்ள உடலில் அம்மாற்றம் தடுமாறுகிறது. புண் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. காலைத் தரையில் ஊன்றாமல் வைத்திருப்பதே அதற்கு முதல் மருந்து. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் எத்தனை நாள் காலை ஊன்றாமல் இருப்பார்? விரலில் தொடங்கியது பாதத்துக்கும், பாதம் முழங்காலுக்குமாக வெட்டப்படுவது இப்படித்தான். மருத்துவக் குறிப்பில் ‘சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை’ என்று எழுதப்படும். ஒப்பந்ததாரர் பூட்ஸ் கொடுக்கவில்லை என்பது அதில் இருக்காது.

ஒருவருக்கு வந்த சர்க்கரை நோய்க்கு அவரது வேலையே காரணம் என்று தனியாக மெய்ப்பிக்க முடியாது என வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த மெய்ப்பிப்பைத் தொழிலாளியிடம் கேட்காமலிருக்கத்தான் சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது. அதில் குறித்த வேலையில் உரிய காலம் இருந்தவருக்குக் குறித்த நோய் வந்தால், அது பணியால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். நீரிழிவையே சேர்ப்பது நெடிய போராட்டமாக இருக்கலாம். நீரிழிவு உள்ள தூய்மைப் பணியாளரின் ஆறாத கால்புண்ணையும் கால் இழப்பையும் சேர்க்கக் கோருவதற்கு மருத்துவ நியாயம் இன்றே இருக்கிறது.

அழற்சியையே குறிவைக்கும் மருந்துகள் இல்லாமலில்லை. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேரிடம் கனகினுமாப் என்ற ஊசி மருந்து மீண்டும் வரும் இதயப் பாதிப்பைக் குறைத்தது. புதிதாக நீரிழிவு வருவதை அதனால் தடுக்க முடியவில்லை. அதன் விலை நமக்கு எட்டாதது. எட்டக்கூடியவையோ கவனிக்கப்படுவதில்லை. ஈறு நோய் வாய்க்குள் ஓயாமல் எரியும் ஓர் அழற்சி. அதற்குச் சிகிச்சை அளித்தாலே, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ1சி சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று 2022இல் காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்வது பெரிய செலவா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது; அது பெரும் பேறுதான். ஆனால் தன்னார்வலர் காலையில் கதவைத் தட்டும்போது தூய்மைப் பணியாளர் தெருவில் இருக்கிறார். நீரிழிவால் காலை இழப்பதைத் தடுக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டமும் அரசிடம் இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கத் தேவைப்படுவது ஒரு நைலான் இழையும் சில நிமிடங்களும்தான். அந்த இழை, அதிகாலையில் வருகைப் பதிவு எடுக்கப்படும் வார்டு அலுவலகத்துக்கு வர வேண்டும். உணர்ச்சி குறைந்த கால் கண்டறியப்பட்டால், அவருக்கு ஊசி துளைக்காத பூட்ஸும், புண் ஆறும்வரை கூலியோடு விடுப்பும் கொடுக்கும் பொறுப்பு மாநகராட்சியுடையதா ஒப்பந்ததாரருடையதா என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தனியார்மயத்துக்கு எதிராக ரிப்பன் மாளிகை வாசலில் எழுந்த கேள்வியின் ஒரு பகுதி இதுவும்தான்.