விருப்பத் தொகுதி: யாருடைய விருப்பம்?

யுனிக்ஸ் கணினியில் பைத்தானை மூலநிரலிலிருந்து கட்ட மூன்று கட்டளைகள் போதும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். கட்டளை திருப்பித் தரும் எண் பூஜ்யம். யுனிக்ஸ் மரபில் பூஜ்யம் என்றால் வெற்றி. அப்புறம் சாளரம் ஒன்றைத் திறக்கலாமே என்று டிகேஇன்டரை இம்போர்ட் செய்தால், அதன் அடியில் இருக்க வேண்டிய சி தொகுதியே இல்லை என்று பைத்தான் கைவிரிக்கிறது.

இதைச் சின்னத் தொந்தரவு என்று தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. 'டிகே-டெவ் போட்டுட்டு மறுபடி பில்ட் பண்ணுங்க' என்று ஒரே வரியில் பதில் வரும். பதில் சரிதான். ஆனால் கேள்வி அதுவல்ல. கேட்ட பொருளில் ஒரு பாகத்தைச் செய்யாமலே விட்டுவிட்டு 'எல்லாம் ஆச்சு' என்று சொல்லும் கொத்தனாரை நாம் வீட்டுக்குள் விடுவோமா? மென்பொருள் செய்தால் மட்டும் அது எப்படி வசதி ஆகிறது?

முன்பு இப்படி இல்லை. பைத்தான் மூலநிரலின் மாட்யூல்ஸ் அடைவுக்குள் செட்டப் என்றொரு கோப்பு உண்டு. பழைய பதிப்புகளில் டிகேஇன்டருக்கான பகுதி அதில் ஒரு குட்டிப் புராணம் போல இருக்கும். உண்மையில் அது ஒரே வரி; துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் பின்சாய்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே குறிப்பு எழுதியிருப்பார்கள். இதை எப்போதும் திறந்துவிடு. உன் கணினியில் எக்ஸ்11 தலைப்புக் கோப்புகள் எங்கே என்று பார்த்து இந்தப் பாதையைத் திருத்து. சோலாரிஸ் என்றால் ஓப்பன்வின் அடைவு. ஏஐஎக்ஸ் என்றால் கூடுதலாக ஒரு நூலகம். பிஎல்டி, டிக்ஸ் வேண்டுமா, அதற்குத் தனித் துண்டு. கண்ணைக் கட்டும் சமாச்சாரம்தான். ஆனால் அந்தக் கோப்பு உங்களிடம் கேள்வி கேட்டது. வரியைத் திறந்து பாதையைத் தப்பாகக் கொடுத்தால் கம்பைலர் அங்கேயே நின்று கத்தும். திறக்காமல் விட்டால், விட்டது நீங்கள் என்று உங்களுக்கே தெரியும்.

2001-இல் வந்த பைத்தான் 2.1 இந்தச் சுமையை இறக்கியது. பெப் 229 என்ற முன்மொழிவின்படி, தொகுதிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டும் வேலை செட்டப்.பை என்ற நிரலிடம் போனது. அது வழக்கமான அடைவுகளில் தேடும். டிசிஎல், டிகே பதிப்பு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். கிடைத்தால் கட்டும். கிடைக்காவிட்டால் கடைசியில், தேவையானவை கிடைக்காததால் இந்தத் தொகுதிகள் கட்டப்படவில்லை என்று ஒரு பட்டியல் போடும். கட்டிய பிறகு இம்போர்ட் ஆகவில்லை என்றால் கோப்பின் பெயரையே மாற்றி ஓரமாக வைத்துவிடும். மேக் மட்டும் நிற்காது. மனிதனின் உழைப்பைக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் உழைப்போடு சேர்த்துக் கேள்வியையும் எடுத்துவிட்டார்கள்.

'அதான் கடைசியில் பட்டியல் வருதே, படிக்க வேண்டியதுதானே?' என்பார்கள். இன்று யார் படிக்கிறார்கள்? கட்டுவது பெரும்பாலும் ஒரு டாக்கர் கோப்போ, இரவில் ஓடும் ஸ்கிரிப்டோதான். அவற்றுக்குக் கண் கிடையாது, பூஜ்யமா இல்லையா என்பது மட்டுமே தெரியும். எச்சரிக்கை ஆயிரக்கணக்கான வரிகளுக்கு அடியில் கிடக்க, படிமம் பச்சை விளக்கோடு வெளியே போகும். அதில் மேட்பிளாட்லிப் ஓட்டுகிறவர் ஷோ என்று அழைத்தால் வரைபடம் வராது. சாளரக் கருவி எதுவும் கிடைக்காததால் அது ஆக் என்ற சாளரமில்லாத முறைக்குத் தானாக இறங்கியிருக்கும். ஒரு மௌனத்தின் மேல் இன்னொரு மௌனம். பிழை பிறந்த இடம் ஒன்று, வலிக்கிற இடம் வேறு.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது: சர்வரில் எக்ஸ்11 எதற்கு? நியாயம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். அதற்கு வழியும் இருக்கிறது, செட்டப்.லோக்கல் கோப்பில் முடக்கியவை என்ற தலைப்பின் கீழ் பெயரை எழுதினால் தீர்ந்தது. என் புகார், சொல்லாதவரின் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொள்வதைப் பற்றி. தலைப்புக் கோப்பு வேறு அடைவில் இருப்பது 'எனக்கு வேண்டாம்' என்று பயனர் சொன்னதாக எப்படி ஆகும்? டெபியனில் டிகேயின் தலைப்புக் கோப்பு டிசிஎல் பெயர் கொண்ட அடைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் யூஎஸ்ஆர்-லோக்கலுக்குக் கீழே தனி அடைவில். பாதை என்பது வினியோகம் செய்பவரின் பழக்கம். அதைப் பயனரின் விருப்பமாகப் படிக்கக் கூடாது.

எந்தத் தொகுதி இல்லாவிட்டால் நிறுத்துவது என்பதில் ஒரு சாதி அடுக்கும் இருக்கிறது. பல பதிப்புகளைக் கட்டித் தரும் பைஎன்வ் கருவியைப் பாருங்கள். எஸ்எஸ்எல் தொகுதி கட்டப்படவில்லை என்றால் அது 'பிழை' என்று நிறுத்துகிறது. டிகேஇன்டர் கட்டப்படவில்லை என்றால் 'எச்சரிக்கை' என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறது. சர்வர் ஆட்களுக்குத் தேவையானது அவசியம், மற்றது விருப்பம். அந்த மற்றதில் யார் இருக்கிறார்கள்? பைத்தானோடு வரும் ஐடில் திருத்தி டிகேஇன்டர் மேல்தான் நிற்கிறது. புதிதாகப் படிக்கிற பிள்ளை முதலில் கோடு வரையும் டர்ட்டிலும் அப்படியே. விட்டுப்போன தொகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. 'எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரல போல' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டினால் அந்தப் பழி யாருக்கு?

வேறு மாதிரி செய்ய முடியாது என்பதும் இல்லை. க்யூட்டியின் கான்ஃபிகரிடம் எக்ஸ்சிபி கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதற்கான நூலகம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்; கேட்ட வசதிக்கான நிபந்தனை நிறைவேறவில்லை என்று நின்றுவிடும். எஃப்எஃப்எம்பெக்கிடம் எக்ஸ்264 கேட்டால், கிடைக்காவிட்டால் அதுவும் நின்றுவிடும். மெசான் கட்டுமானக் கருவியில் ஒரு வசதிக்கு மூன்று நிலைகள்: வேண்டும், வேண்டாம், இருந்தால் சரி. 'இருந்தால் சரி' என்றிருப்பவற்றையெல்லாம் ஒரே அமைப்பில் 'வேண்டும்' ஆக்கிவிடலாம். கேட்காமலே ஒட்டிக்கொள்ளும், சொல்லாமலே கழன்றுகொள்ளும் சார்புகளை ஜென்டூக்காரர்கள் 'ஆட்டோமாஜிக்' என்று கேலியாக அழைத்துக் குறை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். டெபியன் பைத்தான் 2 காலத்தில் இன்னும் எளிமையாக ஒன்று செய்தது: பிழைச் செய்தியின் வாலில், பைத்தான்-டிகே பொதியை நிறுவுங்கள் என்று ஒரு வரி சேர்த்தது. எத்தனை பேரின் மாலைப் பொழுதை அந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கும்!

பைத்தான் தரப்பிலும் வேலை நடக்காமல் இல்லை. 2022-இல் வந்த 3.11 முதல் கான்ஃபிகர் நிரலே பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்டுப் பாதையைத் தெரிந்துகொள்கிறது. வேறிடத்தில் இருந்தால் டிசிஎல்டிகே_சிஃப்ளாக்ஸ், டிசிஎல்டிகே_லிப்ஸ் என்ற இரண்டு மாறிகளில் சொல்லலாம். 3.12-இல் அந்தப் பழைய செட்டப்.பை போயே போய்விட்டது. தேடும் முறை நாகரிகமாகிவிட்டது. கிடைக்காதபோது செய்வது மட்டும் பழையபடியே: பட்டியல் போடு, மேலே போ.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. தரநூலகத்தில் இருக்கும் தொகுதியைக் கட்ட முடியாவிட்டால் கட்டுமானம் நிற்கட்டும். எந்தக் கோப்பைத் தேடியது, எங்கெல்லாம் தேடியது என்று சொல்லட்டும். வேண்டாதவர் 'டிகேஇன்டர் வேண்டாம்' என்று ஒரு கொடியைச் சேர்த்துக்கொள்ளட்டும். சர்வர்க்காரருக்கு அது ஒரே ஒரு தடவை எழுதும் ஒரு சொல். தெரிந்தவர் ஒரு சொல் தட்டுவதா, தெரியாதவர் ஒரு நாள் தொலைப்பதா என்பதுதான் கணக்கு. இதுவரை அந்தக் கணக்கில் தெரியாதவர்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்.