விடை சொல்லாத ரீச்சர்



பங்குனி மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வெளிக்கிடும்போது ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார். "மிஸ், மாலை வகுப்பு ரீச்சர் கடதாசி தந்து கையெழுத்துக் கேட்கிறா. போனுக்குள்ள ஒரு வாத்தியாரைச் செய்து வைச்சிருக்கிறாவாம். வைக்கலாமோ?"

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. ரீச்சரிடமே போனேன்.

அவர் செய்திருந்தது ஒரு 'சட்பொட்'. நாம் எழுதுவதற்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலி. 2022 கார்த்திகையில் வந்த சட் ஜிபிரியைப் பலர் அறிவீர்கள். அடுத்த ஆண்டிலிருந்து, கணனி மொழி படிக்காதவர்களும் தமக்கு வேண்டியபடி ஒன்றை அமைத்துக்கொள்ள வழி வந்தது. நீ யார், யாருக்குப் படிப்பிக்கிறாய், எதைச் செய்யக்கூடாது என்று சாதாரண மொழியில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த அறிவுறுத்தலில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், துருக்கியில் 2023 இல் ஓர் உயர்தரப் பாடசாலையில் ஏறத்தாழ ஆயிரம் மாணவரை வைத்து அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சாதாரண சட்பொட். இன்னொரு பகுதியினருக்கு, ஆசிரியர்களின் உதவியோடு அமைத்தது. அதற்குச் சரியான விடையும் மாணவர் வழமையாக விடும் பிழைகளும் கொடுக்கப்பட்டிருந்தன. விடையைச் சொல்லாதே, வழியைக் காட்டு என்பது கட்டளை. மூன்றாவது பகுதியினருக்குப் புத்தகமும் கொப்பியும் மட்டும். பயிற்சியின்போது சாதாரண சட்பொட்டில் படித்தவர்கள், அது இல்லாதவர்களைவிட 48 வீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு அதைப் பறித்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது 17 வீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைப் பார்த்து எழுதிப் பழகிவிட்டார்கள். ஆசிரியர் அமைத்ததில் படித்தவர்களுக்கு அந்த வீழ்ச்சி பெரும்பாலும் ஏற்படவில்லை. ஆனால் பரீட்சையில் அவர்கள் கொப்பியோடு படித்தவர்களை முந்தவும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு ரீச்சரும் நானும் இரண்டு பின்னேரங்கள் இருந்து அறிவுறுத்தலைத் திருத்தினோம். எனக்குக் கணக்கு வராது, கேள்வி கேட்பது மட்டும் என் வேலை. "எங்கட பிள்ளைகள் எங்கே பிழை விடுவினம்?" என்று கேட்டேன். உடனே சொன்னார். ஒரு பெண் மா, விறகு என்று 4,000 ரூபா செலவழித்து இடியப்பம் அவித்து 5,200 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 1,200 ரூபா. இலாப வீதம் காண அதைச் செலவான 4,000 ஆல் பிரிக்க வேண்டும். 30 வீதம் வரும். பிள்ளைகள் விற்ற விலையால் பிரித்து 23 என்று எழுதுவார்களாம். ஆகவே, '23 என்று வந்தால் விடையைச் சொல்லாதே. எந்தக் காசைப் போட்டு இந்த இலாபம் வந்தது என்று கேள்' என்று எழுதினோம். இருபது வருடம் படிப்பித்தவருக்குத்தான் இந்த வரி எழுத வரும்.

இன்னொன்றையும் கவனித்தோம். அது தானாகச் செய்த கணக்குகளில் உழைத்துக்கொண்டு வருபவர் எப்போதும் அப்பாதான். அம்மா சமையலறையில் நிற்பார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் உழைப்பது தாய். 'அம்மா, அம்மம்மா உழைக்கும் வீடுகளும் வரட்டும்' என்று சேர்த்தோம்.

மூன்றாம் கிழமை, நாம் எழுத மறந்தது தெரிந்தது. அங்கு ரீச்சரின் ஒரே போனைத்தான் ஒவ்வொருவராகப் பாவிப்பார்கள். ஒரு நாள் சண்டை பிடித்த இரு பொடியன்களை விலக்க ரீச்சர் எழுந்து போன நேரத்தில் ஒரு பிள்ளை, 'அம்மா இரவில அழுறா, நான் என்ன செய்ய' என்று எழுதியிருக்கிறாள். அது நல்ல தமிழில் ஐந்து ஆலோசனைகள் கொடுத்திருந்தது. ஒன்றும் பிழையில்லை. ஆனால் அன்றிரவு போனைப் புரட்டிப் பார்த்திராவிட்டால் ரீச்சருக்கு இது தெரிந்தே இராது.

1966 இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். நாம் சொல்வதைத் திருப்பிக் கேள்வியாகக் கேட்பது மட்டுமே அதற்குத் தெரியும். அவர் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அவரது செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போங்கள் என்றாராம். வளர்ந்தவருக்கே அப்படியென்றால் பதினான்கு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

இப்போது முதல் வரி இதுதான்: 'பிள்ளை வீட்டுத் துயரத்தைச் சொன்னால் கணக்கை நிறுத்து. ஆலோசனை சொல்லாதே. ரீச்சரிடம் சொல்லச் சொல்லு, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் கொடு.' இயந்திரம் எப்போதும் சொன்னபடி நடக்கும் என்றில்லை. அதனால் வகுப்பு முடிய ரீச்சர் எல்லாவற்றையும் வாசிக்கிறார், பிள்ளைகளுக்கும் அது தெரியும். பெயர், விலாசம் எழுதுவதில்லை. சட் ஜிபிரி விதிப்படி 13 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பாவிக்கக்கூடாது. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தக் கடதாசி அதற்குத்தான்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் போனேன். மகள் எழுதியதைப் பற்றிக் கதைக்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். இப்போது கிழமைக்கு ஒரு தரம் போகிறேன்.

திருத்திய கடதாசியை ரீச்சர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். என்னை மறித்துக் கேட்ட தாய் இம்முறை கையெழுத்து வைத்தார். கீழே, 'பரீட்சைக்கு முதல் மாதம் போன் வேண்டாம், கொப்பியில் செய்யட்டும்' என்று எழுதியும் கொடுத்தார். ரீச்சர் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆக்கிவிட்டார்.