பாட்டியின் முகத்தைப் பார்த்து என்ன சிரிப்பு?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுத உட்கார்ந்தால் சீக்கிரம் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் மகள் ஒரு படத்தைப் பற்றிப் போட்டிருந்தாள். "மூணு தலைமுறையும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற மாதிரி படம். அத்தை, நீங்க கண்டிப்பா பாருங்க." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். படத்தின் பெயர் ஃப்ரீக்கியர் ஃப்ரைடே. 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கப் படம். 2003-ல் வந்த ஃப்ரீக்கி ஃப்ரைடேயின் அடுத்த பாகம். முதல் படத்தில் அம்மாவும் மகளும் உடம்பு மாறிக்கொள்வார்கள். இதில் நாலு பேர். மகளுக்கு மகள் பிறந்து வளர்ந்துவிட்டாள், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு ஜோசியக்காரி கை வைத்ததில் அம்மாவும் மகளும் மாறிவிடுகிறார்கள், பாட்டியும் அந்த வரப்போகும் பேத்தியும் மாறிவிடுகிறார்கள். லீவுக்கு வந்திருந்த தம்பி பேத்திதான் டிவியில் போட்டுக் கொடுத்தாள். பாதிப் படம் அவள் விளக்கித்தான் எனக்குப் புரிந்தது.

பாட்டியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் 1958-ல் பிறந்தவர். ஏறக்குறைய என் வயது. நன்றாக நடிக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. பதினைந்து வயதுப் பெண் இந்த உடம்புக்குள் இருந்தால் எப்படி நிற்பாள், எப்படிக் கையை ஆட்டுவாள் என்பதை அப்படியே கொண்டுவந்துவிட்டார். நானும் இரண்டு இடத்தில் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது இடத்தில் சிரிப்பு வரவில்லை. பாட்டியின் உடம்புக்குள் போன பெண் கண்ணாடியைப் பார்க்கிறாள், அலறுகிறாள். பேயைப் பார்த்தவள் மாதிரி அலறுகிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு சட்டென்று என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரிப் படங்களில் இளசின் உடம்பு கிடைத்தால் பெரியவர்களுக்குக் கொண்டாட்டம். ஓடுவார்கள், குதிப்பார்கள், கண்டதைச் சாப்பிடுவார்கள். பெரியவர்களின் உடம்பு கிடைத்தால் சின்னவர்களுக்குத் தண்டனை. ஒரு பக்கம் பரிசு, ஒரு பக்கம் தண்டனை. இதற்கு மாற்றம் என்று பெயரா? அறுபது வயது முகம் என்பது அலறுகிற பொருள் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் கட்டிப்பிடித்து அழுதால் சரியாகிவிடுமா?

"டீச்சர், படம்தானே, சிரிச்சிட்டுப் போங்க" என்று கமெண்ட் போட விரல் துடிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் கதை இப்படி ஆரம்பிக்கவில்லை.

1882-ல் லண்டனில் வைஸ் வெர்சா என்று ஒரு நாவல் வந்தது. எழுதியவர் எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயர்க்காரர். ஒரு வியாபாரி, பள்ளி விடுதிக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று அழும் மகனிடம், பள்ளிக்கூட நாள் போல வருமா, நானும் உன்னைப் போலச் சிறுவனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெருமூச்சு விடுகிறார். கையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு கருடக் கல். ஆம், நம் கருடன்தான். கல் பலித்துவிடுகிறது. அப்பா மகனின் உருவத்தில் விடுதிக்குப் போகிறார். மகன் அப்பாவின் உருவத்தில் வீட்டில் ஜாலியாக இருக்கிறான். விடுதியில் தலைமை ஆசிரியர் பிரம்பும் கையுமாக இருக்கிறார். பள்ளிக்கூட நாள் பொன்னாள் என்று உபதேசம் செய்தவருக்கு அந்தப் பொன்னாள் என்னவென்று அங்கேதான் தெரிகிறது.

கவனித்தீர்களா? அந்தக் கதையில் விசாரணைக் கூண்டில் நிற்கிறவர் பெரியவர். எதையெல்லாம் பிள்ளை மேல் சுமத்தினாரோ அதையெல்லாம் அவரே சுமக்க வேண்டும். 1972-ல் மேரி ராட்ஜர்ஸ் எழுதிய ஃப்ரீக்கி ஃப்ரைடே நாவலில் அம்மா–மகள் என்று ஆனது. 1976-ல் டிஸ்னி படம், பிறகு 2003, இப்போது 2025. வர வரக் கூண்டு காணாமல் போய், கண்ணாடி வந்துவிட்டது. பெரியவர் என்ன செய்தார் என்ற கேள்வி போய், பெரியவர் எப்படி இருக்கிறார் என்ற கிண்டல் வந்துவிட்டது.

நம் பக்கத்துப் படம் மட்டும் என்ன? 2019-ல் தெலுங்கில் நந்தினி ரெட்டி எடுத்த ஓ! பேபி. 2014-ல் வந்த மிஸ் கிரானி என்ற கொரியப் படத்தின் தழுவல். (அந்தக் கொரியப் படத்தை எடுத்தவர்தான் பிற்பாடு நீங்களெல்லாம் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்த ஸ்க்விட் கேமையும் எடுத்தார். அது கிடக்கட்டும்.) இது உடம்பு மாற்றம் இல்லை. பாட்டியே குமரியாகிவிடுகிறாள். நம் லட்சுமி அம்மா பாட்டி, சமந்தா குமரி. தன்னை முதியோர் இல்லத்தில் விடலாமா என்று வீட்டில் பேசுவது பாட்டி காதில் விழுகிறது. மனம் உடைந்து ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் போனவள் இளமையோடு வெளியே வருகிறாள். பாடுகிறாள், பேர் வாங்குகிறாள். கடைசியில் பேரனுக்கு விபத்து. ரத்தம் கொடுத்தால் இளமை போய்விடும். கொடுத்துவிடுகிறாள்.

லட்சுமி அம்மாவின் நடிப்புக்காக அந்தப் படத்தை இன்னொரு முறை கூடப் பார்ப்பேன். ஆனால் அந்த முடிவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து "பாட்டின்னா இதுதான் பாட்டி" என்று மூக்கை உறிஞ்சிய உறவினர்களுக்கு அன்றே கேட்க நினைத்தது: பாட்டி பாடியபோது ஏன் உங்களுக்கு அழுகை வரவில்லை? ரத்தம் கொடுத்த பிறகுதான் அவள் பாட்டியா?

நமக்குக் கூடு விட்டுக் கூடு பாய்வது புதிதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் உண்டு, திருமூலர் கதையில் உண்டு. ஆனால் தலைமுறை மாற்றம் என்றால் யயாதி கதைதான். நாலாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் தூங்கியிருப்பீர்கள். சுக்கிராச்சாரியார் சாபத்தால் யயாதி மகாராஜாவுக்கு அகால முதுமை. யாராவது இளமையைக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. ஐந்து மகன்களிடம் கேட்கிறார். யது, துர்வசு, திருஹ்யு, அனு என்று நாலு பேர் முடியாது என்கிறார்கள். கடைசி மகன் புரு மட்டும் அப்பாவின் கிழத்தனத்தை வாங்கிக்கொண்டு தன் இளமையைக் கொடுக்கிறான். ஆயிரம் வருடம் அனுபவித்துவிட்டு அப்பா திருப்பித் தருகிறார்.

என் தலைமுறை காண்டேகரைப் போட்டி போட்டுக்கொண்டு படித்த தலைமுறை. அவருடைய யயாதி நாவலுக்கு 1974-ல் ஞானபீடம் கிடைத்தது. கிரீஷ் கர்னாடோ அதற்கு முன்பே, இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவராக, இதே கதையைக் கன்னடத்தில் நாடகமாக எழுதிவிட்டார். புருவுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார், சித்திரலேகை என்று பெயர். மாமனார் எடுத்துக்கொண்டது என் புருஷனின் இளமையையும்தானே, என் வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது என்று அவள் நியாயம் கேட்கிறாள். யயாதியிடம் பதில் இல்லை. அவள் விஷம் குடித்துச் சாகிறாள். ஹாலிவுட்காரன் நாலு பேரை மாற்றிப் போட்டும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். எண்ணூரில் உடம்பு மாற்றத்துக்கு ஜோசியக்காரி தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், வலை இழுத்த கை. இன்றும் இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் பாதிப் படியில் உட்கார்ந்துகொள்கிறான். புத்தகப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் மூச்சுக்கு அடிக்கும் பம்பு. எதனால் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்ததையும், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் தெருவுக்கு ஓடி வந்ததையும் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி அந்தத் தாத்தாதான் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். யார் கிழம், யார் குழந்தை?

எங்கள் தலைமுறை இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததா என்றால், ஆமாம், பெரும்பாலும் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-களில் முழுதாக எழுந்தது, மொத்தம் 450 மெகாவாட். அந்தப் புகைபோக்கியைக் காட்டி, "பார்த்தாயா, மெட்ராசுக்கே கரண்ட் நம்ம ஊரிலிருந்து போகிறது" என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னவள் நான். காயப்போட்ட துணியில் சாம்பல் படிந்தால் உதறிவிட்டு மடித்து வைத்தோம். 2017 மார்ச் 31-ல் அதை மூடினார்கள், அந்த வருடமே நானும் ஓய்வு பெற்றேன். சம்பளம், வீடு, பென்ஷன், ஃபேன் காற்று எல்லாம் எங்களுக்கு வந்தது. பாதிப் படியில் உட்காருவது புருவுக்கு. யயாதியாவது கடைசியில் திருப்பிக் கொடுத்தார்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1994. ஐந்தாம் வகுப்பு. குப்பத்துப் பையன் ஒருவன். ஒரு வாரம் சுறுசுறுப்பாக இருப்பான், அடுத்த வாரம் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். மறுபடி நன்றாக இருப்பான், மறுபடி தூங்குவான். எப்போதும் தூங்கினால் நோய் என்று நினைத்திருப்பேன். விட்டுவிட்டுத் தூங்கியதால் திமிர் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் கையை நீட்டச் சொல்லி மர ஸ்கேலால் அடித்தேன். நீட்டிய உள்ளங்கையில் ஏற்கெனவே கீறல்கள் இருந்தன. எங்கேயோ சண்டை போட்டிருக்கிறான் என்று அதற்கும் சேர்த்து இன்னொன்று போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா பரீட்சைப் பேப்பரில் கைநாட்டு வைக்க வந்தபோதுதான் தெரிந்தது. ராத்திரி தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அம்மாவும் பிள்ளையும் ஆற்றில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி இறால் பிடிக்கிறார்கள். சேற்றில் கிளிஞ்சல் கிழிக்கும். கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் ஒரு வாரம் முன்னிரவில் வேலை முடியும், அடுத்த வாரம் விடியற்காலையில்தான் முடியும். அவன் தூங்கிய வாரமும் தூங்காத வாரமும் நிலாக் கணக்கு.

அந்த ஓதப் பாடத்தை, நிலவின் ஈர்ப்பு, உயர் ஓதம், தாழ் ஓதம் என்று படம் வரைந்து பாகம் குறித்து அதே வகுப்பில் அதே வருடம் நடத்தியவள் நான். அவன் உடம்புக்குள் நான் போக வேண்டிய அவசியமே இல்லை. "ஏண்டா தூக்கம் வருது?" என்று உட்கார வைத்துக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிக்கக் கூடாது என்று சொன்னபோது, ஆசிரியர் அறையில் "இனி எப்படிப் பாடம் நடத்துவது" என்று சத்தம் போட்டவர்களில் நான் இல்லை. காரணம் கருணை இல்லை, அந்த உள்ளங்கை.

அதனால்தான் இந்தப் படங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம். அடுத்தவர் நிலைமை தெரிய மந்திரம் வேண்டும், ஜோசியக்காரி வேண்டும் என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் சாக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தம்பி பேத்தி அன்று படத்தின் நடுவில் என்னிடம், "பாட்டி, நிஜமாவே முட்டி எப்படி வலிக்கும்? குத்துமா, எரியுமா?" என்று கேட்டாள். கருங்காலிக் கட்டையில் ஆணி இறக்குகிற மாதிரி, அதுவும் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது என்று சொன்னேன். அவள் பங்குக்கு, கணக்கு டெஸ்ட் அன்று காலையில் வயிற்றைப் பிசைவதையும், அதை வீட்டில் சொன்னால் நடிப்பு என்பதையும் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்ததில் கிளைமாக்ஸ் ஓடிப்போய்விட்டது. யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

அந்த 1994 பையன் இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் கிரேன் ஓட்டுகிறான், இந்தப் பக்கத்தில் என் நண்பனாகவும் இருக்கிறான். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். "பரவாயில்ல டீச்சர், நீங்க அடிச்சதாலதான் உருப்பட்டேன்" என்று கீழே எழுதிவிடாதே, மற்ற பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள். நைட் ஷிப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கையில் எதுவும் வாங்கி வராதே. முப்பது வருடத்துக்கு முந்தைய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது.