தலையில் அடிபட்டால் கபடி போச்சா?



போன மாசம் கபடி பிராக்டீஸில் ஒரு பிள்ளையைப் பிடிக்கப் போய், அவள் முட்டி என் நெற்றிப் பொட்டில் இடித்துவிட்டது. மயக்கம் வரவில்லை, ரத்தமும் இல்லை. "ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சிட்டு வா" என்றார்கள். நானும் திரும்பப் போய் ஆடினேன். அதுதான் தப்பு. ஸ்கோர் எவ்வளவுன்னு கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியலை. வீட்டுக்கு வந்ததும் வாந்தி. டியூப் லைட்டைப் பார்த்தாலே கண் கூசியது. அப்பா பயந்துபோய் பைக்கில் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, மூளை அதிர்ச்சி, லேசானதுதான் என்றார்.

மறுநாளே என் டீம் பிள்ளைகள் "நாளைக்கு வந்துடுவியா? மேட்ச் வருதே" என்று கேட்டார்கள். ஆயாவோ "இனிமே கபடின்னு பேச்சே எடுக்காதே" என்று சொல்லிச்சு. என்னைக் கேட்டால் ரெண்டுமே தப்பு.

நம்ம சி.எஸ்.கே.வில் ஆடின டூ பிளெசிஸ் எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூனில் அபுதாபியில் நடந்த பாகிஸ்தான் லீக் ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது, கூட ஆடினவர் முட்டியில் அவர் தலை மோதியது. எனக்கு நடந்த மாதிரியேதான்! கொஞ்சம் ஞாபக மறதிகூட வந்ததாக அவரே சொன்னார். அந்தத் தொடரில் பிறகு அவர் ஆடவில்லை. அடுத்து இங்கிலாந்தில் ஆட வேண்டிய தொடரையும் விட்டார். ஆனா அதே வருஷம் அக்டோபர் 15, துபாயில் ஐ.பி.எல். பைனல்: 59 பந்தில் 86 ரன், ஆட்ட நாயகன், கப் நமக்கு. அவசரப்பட்டு வந்திருந்தால் இது நடந்திருக்குமா?

அவருக்காவது பெரிய டாக்டர்கள் இருப்பாங்க, நமக்கு யார் என்று கேட்பீர்கள். எனக்கு டாக்டர் சொன்னதற்குக் காசே தேவையில்லை. முதல் ரெண்டு நாள் ஓய்வு. ஓய்வுன்னா இருட்டு ரூமில் படுத்தே கிடக்கிறது இல்லை, டி.வி., செல்போனைக் குறைச்சிட்டு வீட்டுக்குள்ள நடமாடலாம். அப்புறம் வெளியே நடக்கணும். அப்புறம் மெதுவா ஓட்டம், அதுக்கப்புறம் யார் மேலும் மோதாத பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது ஒரு நாள். தலைவலி கூடினால் நிறுத்திட்டு, மறுநாள் முந்தின படியிலிருந்து தொடங்கணும். பாடம் பழையபடி படிக்க முடியணும். பிடிக்கிற ஆட்டம் கடைசியில்தான், அதுவும் டாக்டர் சரி சொன்னபிறகு. முதல் அடி ஆறுமுன்னே இன்னொரு அடி பட்டால் ஆபத்து அதிகமாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், உளறல் இதெல்லாம் வந்தால் படியெல்லாம் கிடையாது, உடனே 108 தான்.

இன்னொன்றும் சொல்லணும். எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு கிரிக்கெட் பந்து தலையில் பட்டது. கொஞ்ச நாளில் மறுபடி கிரவுண்டுக்குப் போயிட்டான், யாரும் ஒண்ணும் கேட்கலை. எனக்கு மட்டும் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" அடி ரெண்டு பேருக்கும் ஒரே தலையில்தானே பட்டது! 2020 மார்ச் 8, மகளிர் தினத்தன்று மெல்போர்னில் உலகக் கோப்பை பைனல். நம்ம தானியா பாட்டியாவுக்கு ஹெல்மெட்டில் பந்து பட்டதும் வெளியே வந்தார். அவருக்குப் பதில் ரிச்சா கோஷ் ஆடினார். 2019 ஆகஸ்டிலிருந்து சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி ஆள் மாற்ற விதி இருக்கு. பைனலிலேயே வெளியே உட்காரலாம் என்றால், பி.டி. பீரியடில் உட்காரக் கூடாதா? உட்கார்ந்தவளைப் பார்த்து "சீன் போடுறா" என்று சிரிக்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

பி.டி. சாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தலையில் அடிபட்டால் அன்றைக்கு யாரையும் திரும்ப இறக்க வேண்டாம், அவங்களே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும்.

நான் இப்போ ஓட்டம் வரைக்கும் வந்திருக்கேன். நேற்று கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடினேன், வலி இல்லை. அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்கார். கபடி பத்தி அவரையே நேரில் கேட்கணுமாம், ஆயாவும் கூட வருது.

– 9-ஆம் வகுப்பு மாணவி