பதினெட்டு வயதும் ஆறு மாதமும்

 

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பாடம் தொடங்கும் வேளையில் இருவர் மதரஸா வாசலில் வந்து நின்றனர். ஒருவருக்கு 26 வயது. அருப்புக்கோட்டையில் கரி வியாபாரியிடம் கணக்குப் பார்ப்பவர். மற்றவன் அவருடைய சின்னத்தா மகன். பதினோராம் வகுப்பு மாணவன்.

திருச்சுழி வட்டாரத்தாருக்குச் சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்த மண்ணில் வேறெது கருகினாலும் அது தழைத்து நிற்கும். வெட்டி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் கொண்டு மூடி, நெருப்பிட்டுப் பல நாள் புகையவிட்டால் கரி கிடைக்கிறது. அக்கரியைச் சிறு பைகளில் அடைத்து நகரத்து உணவகங்களுக்கு நேரே அனுப்புவது இவர்கள் எண்ணம். விலைக் கணக்கும் கைப்பேசியில் ஆர்டர் எடுப்பதும் சிறுவன் பொறுப்பு. "சுமப்பது நான், ஹஜ்ரத், மூளை இவனுடையது" என்றார் மூத்தவர். இருவரும் சரிபாதிப் பங்காளிகளாகப் பத்திரம் எழுத வேண்டுமாம்.

முதல் யாருடையது என்று கேட்டேன். சிறுவனின் அத்தா காலமாகி இரண்டு ஆண்டுகள். அவர் விட்டுச் சென்றதில் அவனுக்கு வந்த பங்குதான் முதல். எத்தீமின் பணம்! அதன் பிறகு எனக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை.

இளையவன் ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டினான். 2011-இல் சென்னையில் சிரவண் குமரன், சஞ்சய் குமரன் என்னும் சகோதரர்கள், 12 வயதிலும் 10 வயதிலும் 'கோ டைமன்ஷன்ஸ்' என்ற பெயரில் கைப்பேசிச் செயலிகள் செய்யத் தொடங்கிய செய்தி அது. திறமையை யார் மறுத்தார்கள்? கையெழுத்தைப் பற்றியதே என் கவலை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, சிறுவனைப் பங்காளியாக்க இடம் தரவில்லை. பங்காளிகள் அனைவரும் இசைந்தால் இலாபத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் வயது வந்த பங்காளிகள் இருவரேனும் முதலில் இருக்க வேண்டும். ஆக, இவ்விருவர் மட்டும் எழுதும் பத்திரம் வெறும் காகிதம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை எப்போதோ அலசிவிட்டன. எத்தீம்களைச் சோதித்து, பக்குவம் கண்ட பின் சொத்தை ஒப்படைக்குமாறு திருமறையின் நிஸா அத்தியாயம் பணிக்கிறது. சோதிப்பது எப்படி? விவரமறிந்த சிறுவன் வலியின் அனுமதியோடு வியாபாரம் செய்யலாம் என்பர் ஹனஃபிகள். ஷாஃபிஈகளோ, அவன் விலை பேசட்டும், ஒப்பந்தத்தை வலி முடிக்கட்டும் என்பர். இந்த இரண்டாம் வழி நாட்டுச் சட்டத்தோடும் அழகாகப் பொருந்துவதைக் கண்டு வியந்தேன்.

தாயார் கையெழுத்திடத் தயாராக இருந்தார். ஆனால் நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் சட்டத்தில், தந்தைக்குப் பின் சொத்துக்குக் காப்பாளர் அவர் மரண சாசனத்தில் நியமித்தவர். அப்படி ஒருவர் இல்லையெனில் தந்தையின் தந்தை. பாட்டனார் உயிரோடிருக்கிறார், அவரை அழைத்து வரச் சொன்னேன்.

இன்னொன்றையும் அவர்களிடம் கூறினேன், பலர் அறியாதது. சிறுவனாக இருக்கும்வரை நட்டம் அவன் பங்கைத் தொடலாம்; வேறு சொத்தைத் தொடாது. 18 நிரம்பியதும் ஆறு மாதத்திற்குள், பங்காளியாகிறேன் அல்லது ஆகவில்லை என்று அவன் பொது அறிவிப்புச் செய்ய வேண்டும். வாய்மூடி இருந்தால் பங்காளியாகிவிடுவான். சேர்ந்த நாள் முதல் ஏறிய கடனுக்கெல்லாம் அவனே பொறுப்பாவான்! மூத்தவர் முகம் வாடியது. அவர் வஞ்சகர் அல்லர்; இந்த விதியை அறியாதவர், அவ்வளவே.

மறுவாரம் பாட்டனாரும் வந்தார். மூத்தவரும் அவருடைய அத்தாவும் பங்காளிகள். சிறுவன் இலாபத்தில் மட்டும். அவன் பணத்தில் பாதி வங்கியிலேயே இருக்கட்டும் என முடிவாயிற்று. கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமையைச் சட்டம் அவனுக்குத் தருகிறது என்றதும் அவன் முகம் மலர்ந்தது. உடனே புது நோட்டின் முதல் பக்கத்தில் தன் பதினெட்டாவது பிறந்த நாளையும், அதிலிருந்து ஆறு மாதம் கழிந்த தேதியையும் எழுதி, இரண்டாவதன் கீழ் சிவப்பு மையால் கோடிட்டான்.